நீலக் கயிறு கட்டிய பெட்டி

வேலை முடிந்து ஊர் திரும்பிய ஜெர்மன் என்ஜினீயர், தன் வீட்டு ஓவியம் ஒன்றைச் சிவசங்கரனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பனி கொட்டும் ஜன்னலோரம் ஓர் இளவரசி, காலடியில் ஒரு மரப்பெட்டி. நெப்போலியன் உத்தரவால் பிரெஞ்சுத் தளபதிக்குக் கட்டிவைக்கப்பட்டவளாம். பிறந்த ஊருக்குப் போக அனுமதி கேட்டுக் கேட்டே செத்துப்போனாளாம். வளைகுடாவில், கராமாவில் இருந்த தங்கள் வீட்டு ஹாலில் அதைச் சிவசங்கரனும் மனைவி நளினியும் மாட்டினார்கள்.

அது 1978. விசா கொடுத்த கஃபீல் அந்த வருஷம் இரண்டு முறை லீவுக்குப் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. சிவசங்கரன் நளினியின் பெயரும் ஊரும் பெரிதாக எழுதி, நீல நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை அவள் இரண்டு முறையும் அழுதுகொண்டே பிரித்தாள். மூன்றாம் முறை மறுத்தபோது அவள் பிரிக்கவில்லை; அப்படியே கட்டிலடியில் தள்ளிவைத்தாள்.

"இவளும் பெட்டியைப் பிரிக்கவே இல்லைங்க, பாருங்க," என்றாள் ஓவியத்தைக் காட்டி.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் சிவசங்கரன் பாஸ்போர்ட்டுகளோடு ஓடிவந்தார்.

"நளினி, லீவு கிடைச்சிருச்சு!"

கட்டிலடியில் பெட்டி இல்லை. ஹால் தரை ஈரமாக, சில்லென்றிருந்தது. ஓவியத்துப் பெண் இப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். அவள் காலடியில் நீலக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. அதன்மேல் அவருடைய கையெழுத்தில் 'நளினி, கும்பகோணம்.'

"நளினி?"

சமையலறையிலிருந்து ஒரு பெண்குரல் பதில் சொன்னது, ஜெர்மன் மொழியில்.