பச்சை ஸ்வெட்டர்

"கேமராவையே இன்னைக்குப் போடலடா. நான் பச்சை ஸ்வெட்டர்ல இருக்கேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" டாம்சின் திரையைக் காட்டுகிறாள்.

"குருட்டாம்போக்குல அடிச்சிருப்பான். உடனே துப்பறியக் கிளம்பிட்டியா!" ரோரி சிரித்துக்கொண்டே தேநீரை ஊதுகிறான். ஆஸ்திரேலிய நகரமான ஹோபார்ட்டின் குளிர்கால வெயில் விசைப்பலகைமேல் மெலிதாகக் கிடக்கிறது. ஒரு மாதமாக இணைய விளையாட்டில் அவளை வசைபாடும் பெயரில்லாதவனின் புதிய வரி திரையில் நிற்கிறது: 'பச்சை ஸ்வெட்டர்க்காரி, ஆட்டத்தை விட்டு ஓடு.' வீட்டில் இருப்பது இவர்கள் இருவர்தான். நான்கு வருடமாக ஒரே அணி, ஒரே சமையலறை. வெளியே வேலிமேல் மாக்பை பறவை ஒன்று பாடி ஓய்கிறது. அவள் அவசரமில்லாமல் தட்டுகிறாள்: 'யார் நீ?' அனுப்பிய கணத்தில், ரொட்டித் தட்டருகே கவிழ்ந்து கிடக்கும் ரோரியின் போன் அதிர்கிறது. அவன் கை சட்டென்று அதன்மேல் படிகிறது. தேநீரின் ஆவி மட்டும் அசைகிறது.

"ரோரி, அந்தப் போனைக் கொஞ்சம் திருப்பிக் காட்டேன்."