விட்டுக்கொடுக்காத கணவர்

"எல்லையில நிக்கிற ஏவுகணையில ஒண்ணைக்கூட நகர்த்தக் கூடாது," என்று சாப்பாட்டு மேசையைத் தட்டினார் கணவர்.

"ரெண்டு நாடும் ஒரே நாள்ல எடுத்துட்டா யாருக்கும் நஷ்டமில்லைங்க. இப்படியே விட்டா போர்தான் வரும்," என்றாள் மனைவி பொறுமையாக.

"வரட்டும். மொதல்ல எதிர்ப்பக்கம் எடுக்கட்டும்."

"மூணாவது நாடு ஒண்ணு வந்து ரெண்டு பக்கமும் சரிபார்த்தா?"

"அடுத்தவன் எதுக்கு நடுவுல மூக்கை நுழைக்கணும்?"

மகள் சலித்துக்கொண்டாள். "ஒரு வாரமா இதே பேச்சு. அப்பா, ஒரு தடவையாவது அம்மாவுக்குத் தலையாட்டுங்களேன்."

"முடியாது."

மனைவி பெருமூச்சோடு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் எல்லா டிவியிலும் ஒரே செய்தி. ஏவுகணைகளை விலக்கிக்கொள்ள இரு நாடுகளும் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்த வெளியுறவு அமைச்சர், அவளேதான்.

வீடு திரும்பியவளை வாசலிலேயே மறித்தார் கணவர். "நீ கேட்டேன்னு எதிரி நாட்டு அமைச்சரா நடிச்சு நடிச்சு எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. அந்த ஆளும் என்னை மாதிரியே முரண்டு பிடிச்சாரா?"

"உங்க கால்தூசிக்குப் பெறமாட்டார்," என்று சிரித்தாள் அவள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே இறங்கி வந்துட்டார்."