எண்ணாத மூட்டைகள்

"ஜெயிச்சாச்சு சார்! வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க." வக்கீல் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆடிட்டருக்குத் தன் கையே யாரோ ஒருவருடைய கை போல இருந்தது.

நீதிமன்ற வராந்தாவில், மழை விடட்டும் என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். சர்க்கரைக் கம்பெனியில் போட்ட பணமெல்லாம் போய், ஆடிட்டர் மேல் வழக்குப் போட்டு, இன்று தோற்றவர் அவர்தான்.

"கிடங்குல பன்னிரண்டாயிரம் மூட்டை இருக்குன்னு நீங்கதானே சார் எழுதுனீங்க? அதப் படிச்சுத்தானே போட்டேன்" என்றார். குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

ஆடிட்டர் கிடங்குப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. மூட்டையை எண்ண வேண்டிய அன்றைக்கும் மழை. மேனேஜர் போனில் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பின்னால் திறந்து பார்த்தபோது, கிடங்கில் எலிகள்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"அறிக்கை கம்பெனிக்காக எழுதினது. வெளியாள் யார் படிப்பாங்கன்னு என் கட்சிக்காரருக்கு எப்படித் தெரியும்?" வக்கீலின் இந்த ஒரு கேள்வியில் வழக்கு முடிந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேஜையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, அவருடைய அடுத்த அறிக்கையில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் டீச்சராக இருந்தவள். அவள் கண் படாமல் அவருடைய அறிக்கை எதுவும் வாசல் தாண்டியதில்லை.

"ஜெயிச்சுட்டோம்" என்றார்.

"ம்."

"வெளியாள் யார் படிப்பாங்கன்னு இவருக்கு எப்படித் தெரியும்னு வக்கீல் கேட்டார். ஜட்ஜ் ஒத்துக்கிட்டார்."

கூரையிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுந்தது. ரிடையர் ஆனதும் முதல் வேலையாகக் கூரையை மாற்றுவேன் என்றவள், நாலு வருடமாக வாளியைத்தான் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இனிமேலாவது ஆளைக் கூப்பிடு. உன் ரிடையர்மென்ட் பணம் சும்மாதானே கிடக்கு?"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அந்தப் பணம் இப்ப இல்லீங்க. அதையும் அந்தச் சர்க்கரைக் கம்பெனியிலதான் போட்டேன். உங்க கையெழுத்து இருந்துச்சு, கேக்கணும்னே தோணல. கேஸ் முடியட்டும்னு சொல்லாம இருந்தேன்."

ஆடிட்டர் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். அழ வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் படிப்பேன்னு உங்களுக்குத் தெரியுமே."