கண்மாய்க்கு ஒரு தலைவன்

கண்மாய் மடையை முதலில் திறக்கும் உரிமை மேலத்தெருக் குப்பமுத்து அம்பலத்தின் குடும்பத்துக்குத்தான். வயலில் ரோபோக்கள் இறங்கிய பிறகும் அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய ரோபோ மாயன் திறக்கும். அவர் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பார். கீழத்தெரு ரோபோக்கள் மறிக்க வரும். வருடந்தோறும் இரும்புக் கைகள் உடைந்து வரப்பில் கிடக்கும்.

இந்த வருடம் இரண்டு தெரு ரோபோக்களும் கூடிப் பேசி ஒரே தலைவனைத் தேர்ந்தெடுத்தன. ஜெயித்தது கீழத்தெருச் சோணைமுத்து வீட்டு ரோபோ.

"நீ யாருக்குடா ஓட்டுப் போட்ட?" என்று அம்பலம் உறுமினார்.

"அவருக்குத்தான் ஐயா. தண்ணியை ஒழுங்காப் பங்கு வைப்பாரு," என்றது மாயன்.

"என் வீட்டுக் கரண்ட்டைத் தின்னுட்டு அவன் வீட்டு மிஷினுக்கு ஓட்டா?"

மறுநாள் காலை அம்பலமே முழங்கால் நீரில் இறங்கி மடைச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் நின்ற சோணைமுத்து, "என்ன மச்சான், ரோபோ வேலைக்கு மனுப் போட்டிருக்கீகளா?" என்று சிரித்தார்.

"உங்க வீட்டு மிஷின் திறந்த தண்ணி என் வயலுக்கு வேணாம். பயிர் கருகட்டும்!"

கரையில் நின்ற புதிய தலைவன் மாயனைப் பார்த்துத் தலையசைத்தது. மாயன் நீரில் இறங்கியது. தினமும் அவரைக் குளிப்பாட்டும் கைகளால், சக்கரத்திலிருந்து அவருடைய விரல்களை வலிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்தது. "மன்னிச்சிருங்க ஐயா. தலைவர் உத்தரவு."

மடை திறந்தது. இரண்டு தெரு வயலுக்கும் தண்ணீர் பாய்ந்தது.

கரையேற மாயன் கை நீட்டியது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அம்பலம் வழுக்கும் சேற்றில் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து ஏறினாரே தவிர, அந்தக் கையைத் தொடவில்லை.