முக்கால் டன் வண்டி

"வெயிட் ஜாஸ்தி. இதை இங்கேயே விட்டுட்டுப் போயிடலாம்" என்றார் கோவிந்தராஜன், மனைவி லலிதாவின் முகத்தைப் பார்க்காமலே.

'இது' என்றது அவளுடைய மாவரைக்கும் கிரைண்டரை. போன வருஷம் ஐ.டி. கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியபோது ஆறு மாதம் சோறு போட்டது அதுதான். இப்போது குடிபோகும் மகர்பட்டாவிலும் நாற்பது வீடுகளில் அவளிடம் மாவுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

காலிசெய்யும் பிம்ப்ரி வீட்டு வாசலில் குட்டி லோடு வண்டி நின்றது. ஒன்றரை டன் பிக்கப் பேசலாம் என்று அவள் சொன்னதற்கு, "உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? முக்கால் டன் தாராளம். நெட்ல படிச்சாச்சு" என்று வாயை அடைத்திருந்தார் அந்த மேதாவி.

டிரைவர் ரஃபீக் புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "எழுநூத்தம்பது கிலோ லோடுக்குத்தான் ஆர்.டி.ஓ. பாஸிங், சாப். என்னைக் கழிச்சா அறுநூத்தி எண்பது. மேல ஏத்தினா செக்கிங்ல மாட்டுவோம்."

கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் என்று கோவிந்தராஜன் செல்போனில் கூட்டினார். கடைசியில் தன் ட்ரெட்மில்லையும் சேர்த்தார். எண்பத்தைந்து கிலோ. வாங்கிய நாளிலிருந்து அதில் துண்டு காயப்போட்டதைத் தவிர அவர் வேறொன்றும் செய்ததில்லை.

"அதுக்குப் பதிலா கிரைண்டர ஏத்தலாங்களே. எழுபது கிலோதானுங்க."

"என் ஹெல்த்தைவிட உன் மாவு பெரிசா? நீ பஸ்ல வந்துடு. வழி சொல்ல நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

லலிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. பக்கத்து வீட்டார் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

சாமான்கள் ஏறி முடிந்தன. சரியாக அறுநூற்று எண்பது. ஏதோ ராக்கெட் விட்டவர் மாதிரி கோவிந்தராஜன் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

ரஃபீக் சாவியைத் திருப்பவில்லை. "சாப், நீங்க எத்தனை கிலோ?"

"எதுக்குய்யா கேக்கறே?"

"கேபின்ல உக்கார்ற ஆளும் லோடுதான் சாப். அதனாலதானே என்னையே கழிச்சேன்."

கோவிந்தராஜன் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டப்பார்த்தார்.

"நூத்தி நாலுங்க பாய்" என்றாள் லலிதா.

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்காமல் ரஃபீக்கிடம் சொன்னாள்:

"ட்ரெட்மில்ல இறக்கிப்போட்டுக் கிரைண்டர ஏத்துங்க பாய், இவரு நடந்தே வரட்டும்!"