வார்டில் சொல்லாத வார்த்தை

“அப்போ தீர்ப்பு வந்தும் எனக்கு டியூட்டி இல்லை. அப்படித்தானே, மேடம்?”

துணி அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த மேட்ரன் நிமிரவில்லை. “தீர்ப்பு உன் பக்கம்தான், குருவி. யாரு இல்லைன்னா?”

குருவி என்பது வார்டு அவளுக்கு வைத்த பெயர். வாய் ஓயாத நர்ஸ். நிலைப்படியிலேயே நின்றிருந்தாள். வெளியே மத்தியான மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய வெள்ளைச் சீருடையில் கஞ்சி மடிப்புக்கூடக் கலையவில்லை.

“தடுப்பூசி போட்டுக்கலைன்னா வேலை இல்லைன்னாங்க. முன்னாடி ஒரு தடவை ஊசி போட்டப்பவே தொண்டை அடைச்சு விழுந்தேன், எனக்கு ஒத்துக்காதுன்னு டாக்டர் சீட்டோட நின்னேன். யாராவது காதுல வாங்கினாங்களா?”

“நான் வாங்கினேனே. கோர்ட்டுல போய்ச் சொல்லிட்டும் வந்தேன்.”

“அதனாலதான் ஜெயிச்சுது. வேலையை விட்டு எடுத்தது தப்பு, பழைய இடத்துலயே சேர்க்கணும்னு சொல்லியாச்சு. பின்னே ஏன் மருந்து அலமாரி சாவியைத் தர மாட்டேங்கறீங்க?”

மேட்ரன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “தீர்ப்பைக் கேட்க உன் வீட்டுக்காரர் மட்டும்தான் வந்திருந்தார்,” என்றார் மெல்ல.

“அவரா, அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்காரு. ஜெயிச்சதுக்குப் போய் அழற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்.”

மேட்ரனின் கையிலிருந்த விரிப்பு நழுவியது. குனிந்து எடுத்து, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்குக் கிளம்பிய பெரியவர் ஒருவர், மகன் தோளைப் பிடித்தபடி அறைக்குள் எட்டிப் பார்த்தார். “போயிட்டு வரேம்மா.”

“வரேனா? இங்கே அந்த வார்த்தையே கூடாதுங்க. போறேன்னு சொல்லுங்க,” என்றார் மேட்ரன்.

“வீட்டுல போறேன்னு சொன்னா என் சம்சாரம் அடிக்க வருவா.”

“இது வீடு இல்லையே. திரும்பி வரவே கூடாத இடம். போங்க, நல்லா இருங்க.”

பெரியவர் சிரித்துக்கொண்டே போனார். குருவியின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“போன தடவை வந்தப்ப இவருக்கு நரம்பு கிடைக்காம எல்லாரும் கையை விரிச்சாங்க. நான்தான் தேடிப் பிடிச்சு ஊசி ஏத்தினேன். வேலை போனா முகம்கூட மறந்துடும் போல,” என்று குருவி முனகினாள். பிறகு வார்டுப் பக்கம் பார்த்தாள். “ஊசி போட்டுக்காத எங்களை எல்லாம் அனுப்பிட்டு, ஆள் இல்லாம தவிக்கறீங்க. நோயாளிங்க வராந்தாவுல கிடக்கறாங்க. ஒன்பதாம் படுக்கையை எதுக்குக் காலியா வெச்சிருக்கீங்க?”

“அது அப்படியே இருக்கட்டும்.”

“நான் வந்து விரிச்சுத் தரேனே. இன்னிக்கே சேர்ந்துக்கறேன்.”

“குருவி, நான் சொல்றதைக் கேளு. நீ போம்மா.”

“நான் என்ன பேஷன்ட்டா, வெறுமனே போன்னு சொல்றதுக்கு?”

மேட்ரன் மடித்த விரிப்பை அடுக்கின்மேல் வைத்தார்.

“சரி, வேலைதான் இல்லை. ஆனா நானா ஒண்ணும் இங்கே வரலை. நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன்.”

“நானா கூப்பிட்டேன்?”

“நீங்கதான். மறந்துட்டீங்களா?”

மேட்ரன் மறக்கவில்லை. வேலை போன பிறகு, காய்ச்சலோடு இதே வார்டுக்கு நோயாளியாக வந்த குருவியின் முகத்தை, அந்த ஒன்பதாம் படுக்கையில் வெள்ளைத் துணியால் மூடியபோது, இத்தனை வருஷப் பழக்கம் தப்பி, வீட்டில் மகளிடம் சொல்வதுபோல ‘போயிட்டு வாம்மா’ என்று சொல்லிவிட்டிருந்தார்.

“இன்னிக்கும் அதே மாதிரி சொல்லுங்களேன், மேடம்,” என்றாள் குருவி.