ஸ்கங்க்குக்கு ஒரு சான்றிதழ்

“உது எவ்வளவு காலமா இஞ்சை குடியிருக்குது எண்டு உங்களாலை சொல்லேலுமோ, தம்பி?”

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அந்த வீட்டின் பக்கவாசல் படிக்குக் கீழே தலையை நுழைத்துக் குப்புறக் கிடந்த இரத்தினவேலுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்கங்க் பிடிக்கக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அது எப்போது தொலையும் என்றுதான் கேட்பார்கள். எப்போது வந்தது என்று கேட்ட முதல் ஆள் இந்த வீட்டுக்கார மக்டலீன் அக்காதான்.

ஸ்கங்க் நம் ஊரில் இல்லாத பிராணி. பூனையளவு இருக்கும்; கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. பயந்தால் வாலைத் தூக்கிப் பீச்சிவிடும். அந்த நாற்றத்துக்குத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். ரொறன்ரோவில் அதைப் பிடிக்கிற கொம்பனி ஒன்றில் ஆறு வருசமாக வேலை செய்கிறான் இரத்தினவேல். கலியாண வீடுகளில் அவனுக்குப் பக்கத்துக் கதிரைகள் இரண்டும் எப்போதும் காலி.

அவன் எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டினான். உள்ளே சருகு அடுக்கடுக்காகக் கிடந்தது. வளையின் வாய் தேய்ந்து மழமழவென்று இருந்தது. ஒன்றிரண்டு மாதத்தில் ஆகிற காரியமில்லை, மூன்று குளிர்காலமாவது அங்கே படுத்திருக்கும் என்று சொன்னான்.

மக்டலீன் அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப, ரெண்டு வருசத்துக்கு முந்தி, தொண்ணூற்றைஞ்சு மாசியிலை இருந்திருக்கும்?”

“கட்டாயம் இருந்திருக்கும், அக்கா. மாசியிலைதான் உதுகள் சோடி தேடித் திரிஞ்சு தங்களுக்குள்ளை அடிபடுறது. அந்த மாதம்தான் மணமும் கூட.”

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்கங்க்கைக் கண்ணாலும் காணாத ஒருவர் இந்தக் கதவால் போய்வந்தாலே உடுப்பில் மணம் ஏறுமா? குளிர் கோட்டில் பிடிக்குமா? எத்தனை நாளைக்கு நிற்கும்? கோட்டு, தலைமயிர், சுவர் எதையும் அது விட்டுவைக்காது, கிழமைக்கணக்கில் நிற்கும், நாள் போகப் போக மணம் மாறி ஸ்கங்க் என்றே தெரியாமல் போய்விடும் என்றான் அவன். வேலை முடிந்து போனால் தன் மனைவி தன்னைக் கராஜில் வைத்தே உடுப்பு மாற்ற வைப்பதையும் சொன்னான். வழக்கமாக எல்லாரும் சிரிக்கிற இடம் அது. மக்டலீன் அக்கா சிரிக்கவில்லை.

இந்தப் பக்கவாசலை இரண்டு வருசமாகப் பூட்டியே வைத்திருந்தார்களாம். போன கிழமை திறந்தபோது மணம் முகத்தில் அடித்ததாம். பக்கத்து வீட்டுக் கிழவி வந்து சொல்லித்தான் ஸ்கங்க் என்றொரு சீவன் உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியுமாம்.

கம்பிக்கூட்டுக்குள் சார்டின் மீன் ரின்னைத் திறந்து வைத்து, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடினான் இரத்தினவேல். பெறொக்சைட், அப்பச்சோடா, கோப்பை கழுவுகிற சோப்பு மூன்றையும் கலந்து கழுவினால் மணம் போகும், தக்காளிச் சாறு சும்மா பேச்சு, சாம்பிராணி போட்டால் சாம்பிராணியோடு சேர்ந்து நாறும் என்று பாடம் நடத்தினான். அவர் காதில் ஒன்றும் ஏறியதாகத் தெரியவில்லை.

“மணம் போறது கிடக்கட்டும், தம்பி. எனக்கு உங்கடை கொம்பனிக் கடதாசியிலை ஒரு கடிதம் வேணும். தொண்ணூற்றைஞ்சு மாசியிலை இதுக்குள்ளை ஸ்கங்க் இருந்தது, உந்த மணம் உடுப்பிலை பிடிக்கும் எண்டு. இங்கிலிசிலை எழுதிக் கையெழுத்து வைச்சு, சீலும் குத்தித் தாங்கோ.”

இரத்தினவேலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டை விற்றவன் ஸ்கங்க்கை மறைத்து விற்றுவிட்டான் என்று வழக்குப் போடப் போகிறார்கள். இரண்டு வருசத்துக்கு முன் இப்படித்தான் ஒருவருக்கு இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்து வினையை விலைக்கு வாங்கினான். இரண்டு நாள் நீதிமன்ற வாசலில் தவம் கிடந்தான். மனேஜரிடம் வாங்கிய பேச்சு வேறு.

தனக்கு வழக்கு வம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். லோயர்மாரைக் கொழுக்க வைக்காமல் பேசாமல் இருங்கள் என்றும் சொன்னான். அந்தக் கடைசி வார்த்தை தேவையில்லாதது. வாயை விட்டுப் போன பிறகு என்ன செய்வது?

மக்டலீன் அக்கா எழும்பி வந்து அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் வேலைச் சட்டையை யாரும் தொட்டதில்லை.

“பொய் எழுதச் சொல்லேல்லை. நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கோ. இது இல்லாட்டி எனக்கு வேறை வழியில்லை, தம்பி.”

அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை. தன் வான் வண்டியில் இருந்து கடதாசி எடுத்து, அதன் பொனற்றில் வைத்து எழுதினான். படி, வளை, சருகு, மூன்று குளிர்காலம், மாசி மாதத்து மணம், குளிர் கோட்டு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சீல் குத்தினான். ஒரு எழுத்தும் பொய்யில்லை. உண்மையைக் கேட்ட மனுசியைப் போய் வழக்காடி என்று நினைத்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. யாருக்கு என்று எழுதும் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“ஆருக்கு எண்டு போட, அக்கா? லோயற்றை பேர் என்ன?”

“லோயர் இல்லை. றோய் எண்டு போடுங்கோ, என்ரை மகன்,” என்றார் மக்டலீன் அக்கா. “குளிர் கோட்டிலை உந்த மணம் வந்ததைக் கஞ்சா எண்டு நினைச்சு, அந்த மாசிக் குளிருக்குள்ளை பிள்ளையை வெளியிலை தள்ளிப்போட்டு இந்தக் கதவைப் பூட்டினது நான்தான், தம்பி.”

இரத்தினவேல் பெயரை எழுதி, நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல், கடித உறைக்கு விலாசம் கேட்டான்.

“விலாசம் தெரியாது. ஹாண்ட்பாக்கிலை வைச்சிருப்பன், ரோட்டிலை எங்கையாவது கண்டால் குடுக்கலாம்.”